இரண்டு நாளில் விசேஷம், முகத்தில் திடீர்ப் பரு: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தாடையில் பெரிதாக ஒன்று கிளம்புகிறது. சிலருக்கு அது நிச்சயதார்த்தமாக இல்லாமல் இன்டர்வியூவாக இருக்கும், காலேஜ் ஃபேர்வெலாக இருக்கும். கேள்வி மட்டும் ஒன்றுதான்: சீக்கிரம் போக என்ன போடலாம்? கேட்பவருக்கு யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. அம்மா சந்தனம் என்பார், ரூம்மேட் டூத்பேஸ்ட் என்பாள், மெடிக்கலில் ஏதோ ஒரு ட்யூப் கொடுத்திருப்பார்கள், போனில் ஒட்டும் பேட்ச் விளம்பரம் வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. மறுநாள் காலை பருவோடு சேர்ந்து சுற்றியுள்ள தோலும் சிவந்து உரிந்திருக்கும்.

ஒவ்வொரு வழியையும் பார்ப்பதற்கு முன்னால், எதை வைத்து எடை போடுவது என்று முடிவு செய்துகொள்வோம்.

## எடை போட நான்கு கேள்விகள்

பரு எந்த நிலையில் இருக்கிறது? சிவந்து லேசாக வலிக்கும் சின்னப் பரு ஒரு வகை. பழுத்து, வெள்ளையாக முனை வைத்தது இன்னொரு வகை. தோலுக்கடியில் கல் மாதிரி உருண்டு, தொட்டாலே வலித்து, முனையே வைக்காத கட்டி மூன்றாவது. ஒன்றுக்கு வேலை செய்வது மற்றொன்றுக்குச் செய்யாது. பணத்தைப் போட்டு ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? திடீரென்று வந்ததாகத் தெரியும் பரு உண்மையில் பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் ஆரம்பித்துவிட்டது. மயிர்க்காலின் துவாரத்தில் எண்ணெய்ப் பசையும் செத்த தோல் செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அங்கே க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்து வீங்குகிறது. நம் கண்ணுக்குப் படுவது அந்தக் கடைசிக் கட்டம் மட்டும். அதனால் ஒரே இரவில் பருவை இல்லாமல் செய்யும் பூச்சு எதுவும் கிடையாது. வீக்கத்தையும் சிவப்பையும் வலியையும் குறைக்கலாம், அவ்வளவுதான். நல்லவேளையாக, போட்டோவுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

பரு போன பிறகு என்ன மிஞ்சும்? என் பார்வையில் நான்கில் முக்கியமானது இதுதான். மாநிறமும் கறுப்புமான தோலில் பரு வந்துபோன இடம் கறுத்துவிடும். பரு ஒரு வாரத்தில் அடங்கும். அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். தோல் எவ்வளவு எரிச்சல் படுகிறதோ அவ்வளவு அழுத்தமாகக் கறுக்கும். அதனால் பருவை வேகமாகக் காயவைக்கும் காரமான வழி நமக்கு லாபமாகத் தெரிந்தாலும் நஷ்டத்தில் முடியலாம். வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் சிவப்பைப் பற்றியே அதிகம் கவலைப்படும். நாம் கவலைப்பட வேண்டியது கறுப்பைப் பற்றி.

சொல்லாத செலவு என்ன? ட்யூபின் விலை மட்டும் செலவு இல்லை. வெளுத்துப்போன தலையணை உறை, மேக்கப் ஒட்டாமல் உரியும் தோல், விட முடியாத பழக்கமாக மாறும் க்ரீம், இதெல்லாமும் கணக்கில் வரும்.

## ஐஸ், பிறகு வெந்நீர் ஒத்தடம்

விசேஷமான பொருள் எதுவும் வேண்டாம் என்பதாலேயே இதை யாரும் மதிப்பதில்லை. ஆழத்தில் வலிக்கும் கட்டிக்கு முதல் நாளிலேயே செய்ய வேண்டியது இதுதான். ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்கவும். பத்து நிமிடம் விட்டு மறுபடி வைக்கவும், இன்னொரு முறையும் செய்யவும். வீக்கமும் வலியும் குறையும். ஐஸை நேரடியாகத் தோலில் தேய்த்தால் தோல் வெந்துபோகும், அந்த இடமும் கறுக்கும்.

முனை வைத்த பிறகு ஐஸால் பெரிய பயன் இல்லை. அப்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒத்தடம் கொடுத்தால் பரு தானாகவே உடைந்து வடியும். கையால் பிதுக்குவதைவிட ஒருநாள் கூடுதலாக ஆகலாம், ஆனால் தழும்பு விழும் வாய்ப்பு மிகக் குறைவு. இதில் மறைந்திருக்கும் செலவு பொறுமைதான்.

## பிம்பிள் பேட்ச்

புண்ணுக்குப் போடும் ஹைட்ரோகொல்லாய்டு என்ற பழைய கட்டுப்பொருளைச் சின்ன வட்டமாக வெட்டி விற்கிறார்கள். பருவில் இருந்து வடியும் நீரையும் சீழையும் அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எடுத்துப் பார்த்தால் பேட்ச் வெள்ளையாக உப்பியிருக்கும், பரு தட்டையாகியிருக்கும்.

முனை வைத்த பருவுக்கு ராத்திரி ஒட்டிக்கொண்டு படுப்பது நல்ல யோசனை. அதன் பெரிய பலன் என்னைக் கேட்டால் உறிஞ்சுவதுகூட இல்லை, நம் விரல் அங்கே போகாமல் தடுப்பதுதான். படித்துக்கொண்டே, போன் பார்த்துக்கொண்டே பருவைத் தடவும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பானது கிடையாது.

முனை வைக்காத ஆழமான கட்டிக்கு இது கிட்டத்தட்ட வீண், உறிஞ்ச அங்கே ஒன்றும் இருக்காது. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, வேறு எந்த க்ரீமும் போடுவதற்கு முன் ஒட்ட வேண்டும். க்ரீம் மேல் ஒட்டினால் பாதி ராத்திரியில் தலையணையில் இருக்கும். ஆண்களுக்குத் தாடி உள்ள இடத்தில் ஒட்டுவதும் கஷ்டம்.

## பென்சாயில் பெராக்ஸைடு

சின்னச் சிவந்த பருவுக்கும் சீழ் வைத்த பருவுக்கும் மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் என் முதல் ஓட்டு இதற்குத்தான். துவாரத்துக்குள் ஆக்ஸிஜனை விடுவித்துப் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகிவிடுவது மாதிரி பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை.

கடையில் 2.5 சதவீதம், 5 சதவீதம் என்று ஜெல்லாகக் கிடைக்கும், சில நாடுகளில் 10 சதவீதமும் உண்டு. அதிகம் என்றால் வேகம் என்று நினைத்து 10-ஐத் தேடாதீர்கள். பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய சமம், எரிச்சல் மட்டும் குறைவு. கறுப்பு விழுவதைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டால் எதை வாங்குவது என்பதில் குழப்பமே இருக்காது.

முகம் கழுவி, காயவிட்டு, பருவின் மேல் மட்டும் மெலிதாக, ராத்திரி ஒரு தடவை. முதல்முறை போடுபவர் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிட்டாலும் ஓரளவு பலன் உண்டு. வீக்கம் அடங்குவது தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். எனவே நாளைக் காலை விசேஷம் என்றால் இன்று ராத்திரி இதை முதல்முறையாகப் போடுவது சூதாட்டம். அந்த இடம் வறண்டு உரிந்தால் மேக்கப் திட்டுத்திட்டாக நிற்கும். சிலருக்கு அலர்ஜியாகி முகமே வீங்குவதும் உண்டு.

மறைந்திருக்கும் செலவு துணி. சாயம் உள்ள எதன் மேல் பட்டாலும் வெளுத்துவிடும்: தலையணை உறை, துண்டு, நைட்டி, பட்டு ப்ளவுஸின் கழுத்துப் பட்டி. வெள்ளை உறை போட்டுத் தூங்குங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று. இந்த மருந்து சூடானால் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனம் உண்டாகலாம் என்று சில வருடங்களாகப் பேச்சு இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 தயாரிப்புகளைச் சோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. ஒரு சில மட்டும் திரும்பப் பெறப்பட்டன. பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் ட்யூபை மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியிலோ காரிலோ விட்டுவைக்க வேண்டாம், தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

## சாலிசிலிக் அமிலம்

எண்ணெயில் கரையும் என்பதால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். பருவுக்காகக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 2 சதவீதம் வரை. மூக்கு, நெற்றியில் பொடிப்பொடியாக வருபவர்களுக்கும் எண்ணெய்ப் பசை அதிகம் உள்ளவர்களுக்கும் தினசரிப் பழக்கமாக நன்று. வீங்கிச் சிவந்த ஒற்றைப் பருவை இரண்டு நாளில் அடக்கும் வேலைக்கு பென்சாயில் பெராக்ஸைடு அளவுக்கு வராது. ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்கள் தவிர்க்கவும். இதையும் பென்சாயில் பெராக்ஸைடையும் ஒரே ராத்திரி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது தோலைப் புண்ணாக்கும்.

## ஆன்டிபயாடிக் ஜெல், அடாபலீன்

இரண்டும் நல்ல மருந்துகள்தான், இந்தக் கேள்விக்கான பதில் இல்லை. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக நாள்கணக்கில் போட்டால் பாக்டீரியா பழகிவிடும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்து, டாக்டர் சொல்லிப் போடுவதுதான் முறை. அடாபலீன் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பரு மருந்து, பலன் தர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரம் தோல் சிவந்து உரியும், சிலருக்குப் பரு கூடும். விசேஷத்துக்கு முந்தின வாரம் இதைத் தொடங்குவது வேண்டாத வேலை. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தொடவே வேண்டாம்.

## டாக்டரிடம் ஊசி

பெரிய, ஆழமான, வலிக்கும் ஒற்றைக் கட்டி. இரண்டு மூன்று நாளில் கல்யாணம். இந்த ஒரு நிலைமையில் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிப்பது இதுதான். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை நன்றாக நீர்க்கச் செய்து, ஒரு சொட்டை ஒத்த அளவு கட்டிக்குள்ளேயே செலுத்துவார்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கட்டி அமுங்கும்.

ஆபத்து என்ன? மருந்து கூடினாலோ ஆழம் தப்பினாலோ அந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழலாம், அல்லது தோல் வெளிறிப்போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். அதனால் ஊசி போடுவது தோல் டாக்டராக இருக்க வேண்டும். பக்கத்துக் கிளினிக்கிலோ ப்யூட்டி பார்லரிலோ "நாங்களே போட்டுவிடுவோம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். செலவு ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். தனியாரில் ஆலோசனைக் கட்டணமும் சேர்ந்தே வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. அரை நாள் வரிசையில் நிற்க முடியும் என்றால் அங்கே காட்டி, ஊசி தேவைதானா என்று கேட்டுக்கொள்ளலாம். சின்னப் பருவுக்கு இந்த ஊசி கேட்காதீர்கள், நல்ல டாக்டர் போடவும் மாட்டார்.

## வீட்டு வைத்தியம்

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது சரியில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும்.

இழைத்த சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு செய்யாது. பருவைப் போக்குமா என்றால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஜாதிக்காய் இழைத்துப் போடுவதும் நம் வீடுகளில் பழைய பழக்கம். சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு எரியும். எரிந்தால் உடனே கழுவுங்கள், "எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். மஞ்சள் லேசாக வீக்கத்தைக் குறைக்கக்கூடும், ஆனால் கறையைப் போக்க அழுத்தித் தேய்ப்பீர்கள், அதில்தான் தோல் கெடும்.

கையே வைக்கக் கூடாதவை மூன்று. முதலாவது, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று. காலில் கட்டி வந்தால் போடுவார்கள். சுண்ணாம்பு காரம், முகத் தோலைப் பொசுக்கிவிடும். இரண்டாவது, எலுமிச்சைச் சாறு. கடும் அமிலம். போட்டுக்கொண்டு வெயிலில் போனால் அதில் உள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கொப்பளிக்கச் செய்து கறுப்பாக்கும். மூன்றாவது, டூத்பேஸ்ட். காயவைப்பது உண்மை. நுரைக்காகவும் வாசனைக்காகவும் சேர்ப்பவை முகத் தோலை எரித்துவிடுவதும் உண்மை.

டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெய்க்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. 1990-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும் 5 சதவீத பென்சாயில் பெராக்ஸைடும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக, ஆனால் குறைந்த எரிச்சலோடு. குறித்துக்கொள்ள வேண்டியது அந்த 5 சதவீதம். பாட்டிலில் வரும் சுத்த எண்ணெயை அப்படியே வைத்தால் தோல் வெந்துவிடும்.

## பிதுக்குவது

உடனடித் திருப்தி இதில் மட்டும்தான் கிடைக்கும். சீழில் கொஞ்சம் வெளியே வரும், மீதி உள்ளே இன்னும் ஆழமாகப் போகும். வீக்கம் இரண்டு மடங்காகி, கறுப்பும் பள்ளமும் மிஞ்சும். மூக்கையும் மேலுதட்டையும் ஒட்டிய பகுதியின் இரத்தக் குழாய்கள் மூளைக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களோடு தொடர்புள்ளவை. அங்கே கிளம்பும் தொற்று உள்ளே பரவுவது மிக அரிது, வந்தால் உயிருக்கே ஆபத்து. விசேஷத்துக்கு முந்தின நாள் பார்லரில் ஃபேஷியலோடு "க்ளீன் அப்" என்று கம்பியால் அழுத்தி எடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

## பெயர் சொல்லாமல் கொடுக்கும் அந்த ட்யூப்

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இது. காரணம், இது வேலை செய்யும். மெடிக்கலில் "முகத்துக்கு ஒண்ணு கொடுங்க" என்றால் கைக்கு வரும் ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று பல சமயம் இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. ஓரிரு நாளில் சிவப்பு குறையும், முகம் பளிச்சென்று வெளுக்கும், வாங்கியவருக்குச் சந்தோஷம். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, முகம் முழுக்கப் புதிதாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். இந்தியத் தோல் டாக்டர்கள் இதைத் தனி வியாதியாகவே பெயரிட்டு எச்சரித்து வருகிறார்கள். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. கடையில் அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ட்யூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். "சோன்" என்றோ "சால்" என்றோ முடிந்தால் உஷாராகி டாக்டரிடம் கேளுங்கள். பூஞ்சை மருந்து சிலவும் "சால்" என்று முடியும், அவற்றைப் பருவுக்குப் போட்டும் பயனில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தப் பருவுக்கு | பலன் தெரிய | கறுப்பு விழும் ஆபத்து | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஐஸ் / ஒத்தடம் | ஆழமான கட்டிக்கு ஐஸ், முனை வைத்ததற்கு ஒத்தடம் | சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் | மிகக் குறைவு | பொறுமை |
| பேட்ச் | முனை வைத்தது | ஒரு இரவு | மிகக் குறைவு | கட்டிக்கு வீண் |
| பென்சாயில் பெராக்ஸைடு 2.5% | சிவந்தது, சீழ் வைத்தது | இரண்டு மூன்று நாள் | நடுத்தரம், அளவு கூடினால் அதிகம் | துணி வெளுப்பு, தோல் உரிதல் |
| சாலிசிலிக் 2% | பொடிப் பரு, அடைப்பு | வாரக்கணக்கு | குறைவு | வறட்சி |
| ஊசி | பெரிய கட்டி | 1 முதல் 3 நாள் | குறைவு, பள்ளமும் வெளிறலும் சாத்தியம் | டாக்டர் செலவு |
| எலுமிச்சை, டூத்பேஸ்ட், சுண்ணாம்பு | எதற்கும் இல்லை | – | மிக அதிகம் | தோல் புண் |
| பிதுக்குவது | எதற்கும் இல்லை | – | மிக அதிகம் | பள்ளம், தொற்று |

## உங்கள் நிலைமை எது?

நாளைக் காலையே விசேஷம். புதிதாக எந்த மருந்தும் வேண்டாம். கட்டியாக இருந்தால் ஐஸ், முனை வைத்திருந்தால் ராத்திரி பேட்ச். காலையில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் கன்சீலர். சிவப்பாகத் தெரிந்தால் லேசான பச்சை நிற கரெக்டர், பழைய கறுப்பாக இருந்தால் ஆரஞ்சு நிறம். மேக்கப் நிறத்தை மறைக்கும், மேட்டை மறைக்காது. அதற்காகத்தான் முந்தின ராத்திரி ஐஸ்.

மூன்று நாள் இருக்கிறது, சின்னப் பரு. பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதம், ராத்திரி ஒரு முறை, முன்பு போட்டு ஒத்துக்கொண்டவர் என்றால் தைரியமாக. முதல்முறை என்றால் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு.

மூன்று நாள் இருக்கிறது, வலிக்கும் பெரிய கட்டி. இன்றே தோல் டாக்டர். ஒருநாள் தள்ளிப்போனால் ஊசிக்கு வேலை செய்ய நேரம் போதாமல் போகலாம். விசேஷத்தன்று காலையில் ஓடுவதில் பிரயோஜனம் இல்லை.

கர்ப்பமாக இருக்கிறீர்கள் அல்லது தாய்ப்பால் கொடுக்கிறீர்கள். ஐஸ், ஒத்தடம், பேட்ச் போதும். மருந்து வேண்டும் என்றால் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் அஸிலாயிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். கர்ப்பத்தில் பொதுவாகப் பாதுகாப்பானது, கறுப்பையும் குறைக்கும்.

இது பருதானா என்றே சந்தேகம். நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம். உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்பளம் வந்து சுரீரென்றால் அக்கியாக இருக்கலாம். தலைக்கு டை அடித்த மறுநாள் வந்தால் அலர்ஜியைச் சந்தேகியுங்கள். இவற்றுக்குப் பரு மருந்து போட்டால் கெடும். காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் விசேஷம் பற்றி யோசிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாதாமாதம் இதே கதை. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் தாடையில் தவறாமல் வந்தால், அல்லது பீரியட்ஸ் தள்ளிப்போவதோடும் முகத்தில் முடி வளர்வதோடும் சேர்ந்து வந்தால், ஒற்றைப் பருவுக்கு மருந்து தேடுவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அடாபலீனுக்கு வேலை அங்கேதான் வரும்.

விசேஷம் முடிந்த மறுநாளிலிருந்து அந்த இடத்தில் தினமும் காலை சன்ஸ்க்ரீன் போடுங்கள், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். வெயில் படப்பட அந்தக் கறுப்பு இன்னும் அழுத்தமாகும். நேரத்தில் போட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும்.